கைதட்டிப் படிப்பித்தது

கடைசி வருட மாணவர்கள் இளையவர்களுக்குப் படிப்பிக்கவும் பழக வேண்டும் என்று எங்கள் மருத்துவக் கல்லூரியில் ஒரு வருடம் முடிவெடுத்தார்கள். ஒரு மூத்தவனுக்கு மூன்றாம் வருடத்தார் இரண்டு பேர் என்று பிரித்து, ஒரு மாதத்துக்கு வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். எனக்கு வன்னியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி கிடைத்தது. என்னோடு வந்த இருவரில் ஒருத்தி மன்னாரைச் சேர்ந்தவள். மெலிந்தவள், அதிகம் பேசமாட்டாள். மற்றவன் தீவுப் பகுதியைச் சேர்ந்தவன். யார் எதைச் சொன்னாலும் முதலில் தலையாட்டிவிட்டுப் பிறகுதான் யோசிப்பான்.

பிள்ளைகள் வாட்டில் பதினாறு கட்டில்கள் இருந்தன. பிள்ளைகள் எப்போதும் அதைவிடக் கூட. வயிற்றோட்டம், குக்கல் இருமல், புழுவால் வெளிறிச் சோகை பிடித்தவர்கள், பாம்பு தீண்டியவர்கள். அது அரிவு வெட்டுக் காலம். தாய்மார் பாதி வெட்டில் வயலை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கட்டிலுக்குக் கீழே பாயை விரித்து, காலை நீட்ட இடமில்லாமல் குந்திக்கொண்டிருந்தார்கள்.

வாட்டுக்குப் பொறுப்பாக இருந்த பெரிய டொக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். கெட்டிக்காரர். பிள்ளையின் மூச்சைத் தூரத்தில் நின்று பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். எங்களுக்கு அவர் ஆங்கிலத்தில் படிப்பிப்பார். ஏசுவது மட்டும் தமிழில். அதனால் சுற்றி இருந்த தாய்மாருக்குப் பாடம் விளங்காது, ஏச்சு விளங்கும்.

முதல் நாள் நான் படிப்பித்தேன். வயிற்றோட்டத்தில் வாடிக்கிடந்த ஒரு கைக்குழந்தை. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லப் பிடித்துவிட்டால், நீர் வற்றிய பிள்ளையில் அது மடிந்தபடியே நிற்கும். மன்னார்க்காரிக்கு அது சரிவரவில்லை. நான் அவளுடைய விரலை வைக்க வேண்டிய இடத்தைக் காட்டி, பயப்படாமல் திரும்பச் செய்யச் சொன்னேன். பெரிய டொக்டர் எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"தம்பி, நீர் பாலர் வகுப்புக்கு வாத்தியாராய்ப் போகலாம்," என்றார். "தாலாட்டுப் பாடினால் நித்திரைதான் வரும். நோகப் பண்ணிப் பாரும், அது மறக்காது."

தாய்மார் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

மாத முடிவில் அவர் என்னைப் பற்றி எழுதும் அறிக்கையில் என் எதிர்காலம் தங்கியிருந்தது உண்மை. ஆனால் அதற்குப் பயந்துதான் மாறினேன் என்று சொன்னால் பொய். அடுத்த நாள் தீவுக்காரன் குக்கலைப் பற்றிப் பிழையாக ஒரு பதில் சொன்னான். பக்கத்துக் கட்டிலின் மலச்சட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்து, நோயாளரைப் பார்க்கும் சுற்று முடியும்வரை பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னேன். நடந்தான். தாய்மார் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். பெரிய டொக்டர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அன்று மத்தியானம் எனக்கு நல்ல பசி.

பிறகு அது பழகிவிட்டது. தீவுக்காரன் தினமும் பிழைவிடுவான், தினமும் வாங்குவான். மன்னார்க்காரி பிழைவிடமாட்டாள், அதுதான் என்னை அரித்தது. அவள் கட்டிலருகே குந்தி இருந்து பிள்ளைகளிடம் பெயர் கேட்பாள். நான் ஐந்தாம் கட்டில், ஒன்பதாம் கட்டில் என்பேன். அவள் பெயர் சொல்லித்தான் பதில் சொல்வாள். அதையும் ஒரு திமிராக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் கிழமை ஒரு சிறுமியைக் கொண்டுவந்தார்கள். ஏழு வயது. அவர்கள் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து குளத்துக் குடியேற்றத்தில் காணி எடுத்த குடும்பம். சூடடிக்கிற களத்தில் வெறுங்காலோடு ஓடியபோது குதிக்காலில் முள் ஏறியிருக்கிறது. சாணத்தை அப்பிக் கட்டியிருக்கிறார்கள். பத்து நாள் கழித்து வாயைத் திறக்க முடியவில்லை. டிரக்டர் பெட்டியில் வைக்கோல் போட்டுக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். வழியெல்லாம் பள்ளம், ஒவ்வொரு குலுக்கலுக்கும் பிள்ளை விறைத்ததாம்.

ஏற்புவலி, ஆங்கிலத்தில் டெட்டனஸ். அந்த நோயில் உடம்பின் தசையெல்லாம் இறுகி இழுக்கும். ஒரு சத்தம், ஒரு வெளிச்சம், ஒரு தொடுகை போதும், இழுப்பு வந்துவிடும். ஆனால் அறிவு மங்காது. வலி முழுவதையும் பிள்ளை விழித்திருந்தே அனுபவிக்க வேண்டும்.

வாட்டின் மூத்த தாதியை எல்லோரும் மிஸ்ஸி என்பார்கள். அவ அந்தப் பிள்ளைக்காகக் கடைசியில் இருந்த சாமான் அறையை ஒதுக்கினா. யன்னலில் சாக்குத் தொங்கவிட்டு இருட்டாக்கினா. கதவின் பிணைச்சலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டா. தகர வாளி அந்தப் பக்கம் போகக்கூடாது, தொழிலாளர்கள் செருப்பில்லாமல் நடக்க வேண்டும், டிரக்டர் வந்தால் வெளிவாசலிலேயே நிறுத்த வேண்டும் என்று எல்லோரையும் பயப்படுத்தி வைத்திருந்தா. தாய்க்கு யாரும் சொல்லவில்லை. அவ தானாகவே கண்ணாடிக் காப்புகளைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டா. நான் கண்டபோதெல்லாம் அந்தத் தாய் உதட்டசைவிலேயே கதைத்தா. ஊசியாலும் இருட்டாலும் ஆறாம் நாள் இழுப்பு நன்றாகக் குறைந்திருந்தது. மூக்குக் குழாயால் பால் இறங்கியது. பிழைப்பாள் என்று மிஸ்ஸி முதல் தடவையாகச் சொன்னா.

ஏழாம் நாள் ஒரு மரண விசாரணைக்குச் சாட்சி சொல்லப் பெரிய டொக்டர் கோட்டுக்குப் போனார். போகும்போது, "இண்டைக்கு ஏற்புவலியைப் படிப்பியும்," என்று எனக்குச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். மிச்சமெல்லாம் என்னுடையது.

மிஸ்ஸி ஊசி போடும் அறைக்குப் போகும்வரை நான் காத்திருந்தேன். ஏன் காத்திருந்தேன் என்று அப்போதே எனக்குத் தெரியும். பிறகு இருவரையும் கூட்டிக்கொண்டு சாமான் அறைக்குள் போனேன். தாய் சுவரோடு ஒதுங்கி நின்றா. பிள்ளை கண்ணைத் திறந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"இழுப்பை எது தூண்டும்?" என்று மன்னார்க்காரியிடம் கேட்டேன்.

"சத்தம், வெளிச்சம், தொடுகை."

"நீர் கண்டிருக்கிறீரோ?"

"இல்லை."

"அப்ப உமக்குத் தெரியாது. கையைத் தட்டும்."

அவள் விளங்காதவள்போல் என்னைப் பார்த்தாள். நான் திரும்பவும் சொன்னேன்.

"நான் தட்டமாட்டன்," என்றாள், மிகவும் மெதுவாக. "பிள்ளைக்கு நோகும்."

"நோகும் எண்டு புத்தகத்திலை கிடக்கு. எப்பிடி நோகும் எண்டு பாக்கத்தானே வந்தனீர்?"

அவள் கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள். "தள்ளி நில்லும், மறைக்கிறீர்," என்று சொல்லிவிட்டு, தீவுக்காரனைத் தட்டச் சொன்னேன். அவன் வழக்கம்போல் தலையாட்டினான். தட்டினான், ஆனால் பயத்தில் உள்ளங்கை சரியாகப் படவில்லை. பிள்ளையின் தாடை மட்டும் ஒருமுறை துடித்தது.

"இதென்ன தட்டு?" என்று கேட்டுவிட்டு, மன்னார்க்காரியைக் கையால் விலக்கி, கட்டிலின் தலைமாட்டில் குனிந்து நானே தட்டினேன்.

பிள்ளை வில்லாக வளைந்தாள். பின்தலையும் குதிக்கால்களும் மட்டும் மெத்தையில் பட்டன. முதுகுக்குக் கீழே ஒரு கையை நுழைக்கலாம். நான் நுழைத்தும் காட்டினேன். பல் இறுகி, உதடு இரண்டு பக்கமும் இழுபட்டு, முகம் சிரிப்பதுபோல் ஆனது. கண் சிரிக்கவில்லை. நான் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே மணிக்கூட்டைப் பார்த்தேன். இருபது செக்கன். உடம்பு தளர்ந்தது. நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது.

"முகத்தைக் கண்டனீரோ?" என்று தீவுக்காரனைக் கேட்டேன்.

அவன் வழக்கத்துக்கு மாறாக உண்மையைச் சொன்னான். "வடிவாய்க் காணேல்லை."

இன்னொருமுறை தட்டினேன்.

இந்தமுறை இழுப்பு விடவில்லை. உதடு நீலம் பாரித்தது. வாயோரத்தால் இரத்தம் வழிந்தது. நாக்கு பல்லுக்குள் அகப்பட்டுவிட்டது. மூச்சு நின்றது. தாய் என் காலடியில் வந்து விழுந்தா. "காணும் ஐயா, விடுங்கோ ஐயா," என்றா. அப்போதும் அவ சத்தமாகச் சொல்லவில்லை. தன் குரலே பிள்ளையை இன்னும் இழுத்துவிடும் என்று பயந்து, வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு சொன்னா.

நான் நின்ற இடத்தில் நின்றேன். மன்னார்க்காரிதான் ஓடினாள். மிஸ்ஸி மருந்து ஏற்றிய ஊசியோடு வந்து, தொடையில் குத்தி, பிள்ளையைச் சரித்து, வாயில் இருந்த இரத்தத்தை உறிஞ்சி எடுத்தா. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிள்ளை ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு இன்னொன்று.

மிஸ்ஸி நிமிர்ந்து என்னைப் பார்த்து, "வெளியிலை போ," என்றா. அந்த ஆஸ்பத்திரியில் என்னை அதுவரை யாரும் 'போ' என்று சொன்னதில்லை. போனேன். அதன்பிறகு அந்த அறைப் பூட்டின் திறப்பு அவவின் இடுப்பில்தான் தொங்கியது.

அடுத்த நாள் காலைச் சுற்றில், எல்லோருக்கும் முன்னால், மன்னார்க்காரி நடந்ததைப் பெரிய டொக்டரிடம் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"உண்மையோ?"

"ஓம் சேர்."

"எத்தினை செக்கன் நிண்டது?"

"முதல்முறை இருபது. இரண்டாம்முறை பாக்கேல்லை."

"ஏன் பாக்கேல்லை?"

எனக்குக் கிடைத்த ஏச்சு அது மட்டும்தான். பிறகு அவளிடம், "ஏற்புவலி இழுப்பு எப்பிடி இருக்கும், சொல்லும் பாப்பம்," என்றார். அவள் சொன்னாள். வளைவு, தாடை, சிரிக்கிற முகம், நீலம், நாக்கு. ஒன்றும் தவறவில்லை.

"நல்லாய்த்தான் படிச்சிருக்கிறீர்," என்றார் அவர். "அப்ப படிப்பிச்சவரிலை என்ன பிழை?"

"பிள்ளையின்ரை நாக்குக் கிழிஞ்சுபோச்சு, சேர்."

"நாக்கு ஆறும். நீர் படிக்க வந்தனீரோ, கோள் சொல்ல வந்தனீரோ? அவரிட்டை மன்னிப்புக் கேளும்."

அவள் கேட்கவில்லை. "அப்ப வெளியிலை நில்லும்," என்றார். மிச்ச நாட்களில் சுற்று நடக்கும்போதெல்லாம் அவள் விறாந்தையில் நின்றாள். தீவுக்காரன் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தான்.

மாத முடிவில் இளையவர்களைப் பற்றி நானும் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. பெரிய டொக்டர் எனக்கு என்ன எழுத வேண்டும் என்று சொல்லித் தரவில்லை. நான்தான் எழுதினேன்: மூத்தோருக்குக் கீழ்ப்படியாதவர், நோயாளரைத் தொடத் தயங்குபவர், இந்தப் பயிற்சியை மீண்டும் செய்ய வேண்டும். அதனால் அவளுக்கு அரை வருடம் போனது. எனக்கு நல்ல அறிக்கை கிடைத்தது. படிப்பிக்கும் ஆற்றல் உள்ளவர் என்று அதில் எழுதியிருந்தது.

பிள்ளை பிழைத்துவிட்டாள். நாங்கள் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர் அவளை வீட்டுக்கு விட்டார்கள். தாய் அவளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வாட்டு முழுவதும் போய், மிஸ்ஸியையும் தொழிலாளர்களையும் மன்னார்க்காரியையும் கும்பிட்டா. காப்புகளைத் திரும்பவும் போட்டிருந்தா. கடைசியாக என்னிடம் வந்தா. அவவின் இரண்டு கையும் சேரும் நேரத்தில், பிள்ளை பாய்ந்து அந்தக் கைகளைப் பிரித்து, ஒன்றைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை.

"குறை நினையாதேங்கோ ஐயா," என்றா தாய், வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு. "மற்றவையைக் கும்பிட விட்டவள்..." பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனா.

நான் டொக்டரானேன். கொழும்பில் மாணவர்களுக்குப் படிப்பித்தேன். என் சுற்றுக்கு வரும் காலையில் சிலர் சாப்பிடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் பெருமைப்பட்டிருக்கிறேன். வன்னியில் இருந்த அந்த மாதத்துக்கு ஐந்தாறு வருடம் கழித்து, வவுனியாவில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போனபோது மன்னார்க்காரியைக் கண்டேன். அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவ வேலை பார்த்துக்கொண்டிருந்தா. தலையில் அந்த வயதிலேயே நரை. நான் முதலில் வேறு ஏதோ கதைத்தேன். பிறகு, அன்றைக்கு நான் செய்தது பிழை, மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவ என்னைப் பார்த்தா. கோபமாகத் தெரியவில்லை.

"அவள் இப்ப ஏழாம் வகுப்பு," என்றா. "நாக்கிலை தழும்பு. சில எழுத்து வராது. பள்ளிக்கூடத்திலை பகிடி பண்ணுறாங்களாம், அதாலை கதைக்கிறதைக் குறைச்சிட்டாள். மாதத்துக்கு ஒருக்கால் நான் போய்ப் பாக்கிறனான்."

"உமக்கும் நான்..."

"என்னட்டை ஏன் கேக்கிறியள்? குடியேற்றத்துக்கு இரண்டு மணிக்கு பஸ் இருக்கு. நெடுங்கேணிப் பக்கம் போற பஸ்ஸிலை மாறி ஏறிடாதேங்கோ. தாய் வீட்டிலைதான் இருப்பா."

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பன்னிரண்டரை. கூட்டத்துக்கு வந்த டொக்டர்மார் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று அவவிடம் சொன்னேன். அவ தலையாட்டினா. சாப்பாடு முடிய இரண்டு மணிக்கு மேலாகிவிட்டது. அடுத்த ரயிலில் கொழும்புக்குத் திரும்பினேன்.