பொக்கு மிளகும் ஸ்டாண்டு பேனும்

12.3.2024 – மிளகு 50 கிலோ – ரூ. 30,000
16.3.2024 – ஸ்டாண்டு பேன் – ரூ. 2,850
22.3.2024 – மிளகு 60 கிலோ – ரூ. 0

இது ஆடலூர் கந்தம்மாளின் கணக்கு நோட்டு. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் பொன்னுச்சாமி ஏணி போட்டு மிளகு பறிப்பார். உலர்த்துவதும் தூற்றுவதும் அவள் பொறுப்பு. உள்ளூர் வியாபாரி சொன்ன விலையையே இத்தனை காலம் வாங்கிக்கொண்டிருந்தவள், அந்த ஆண்டுதான் மதுரைக் கம்பெனி ஒன்றுக்கு நேரடியாகப் போட்டாள். முதல் சரக்கு தேறிவிட்டது. இரண்டாவதை கம்பெனி ஆள் ஜெயமுருகன் வேனிலேயே திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார்.

"நூறு கிராமுக்குப் பத்து கிராம் உள்ள ஒண்ணுமில்லாத பொக்கா கெடக்குக்கா. இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா பட்டியல்ல இருந்து ஒங்க பேரை எடுத்துருவாங்க."

"தூத்தித்தானே தம்பி போட்டேன்! பேன் வாங்கி, ரெண்டு நாள் சோலிய அரை நாள்ல முடிச்சேன்."

"பேனுக்குப் பொட்டு வச்சுக் கும்பிட்டியே, இப்ப அதுகிட்டயே கேளு" என்றார் பொன்னுச்சாமி.

அவள் சாக்கை அவிழ்த்து ஒரு கை அள்ளிப் பார்த்தாள். முன்பெல்லாம் மலைக்காற்று ஏறும் நேரம் பார்த்து, முறத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரிப்பாள். பேன் வந்ததும், காற்றுதான் பலமாக இருக்கிறதே என்று முறத்தையே கவிழ்த்துவிட்டாள்.

வேன் போனதும், ஓடிக்கொண்டிருந்த பேனை அணைத்தாள். ஒரே பருமனில் நல்ல மிளகு ஒன்று, உள்ளே வெறும் கூடான பொக்கு ஒன்று எடுத்து, தலைக்கு மேலிருந்து தகரத்தின் மீது இரண்டையும் ஒன்றாக நழுவவிட்டாள். கனமானது முந்தும் என்றுதான் நினைத்திருந்தாள். ஏறக்குறைய ஒரே சத்தமாகக் கேட்டது. பேனைப் போட்டு மறுபடி விட்டாள். பருமன் ஒன்றானதால் இரண்டையும் காற்று ஒரே அளவில்தான் தள்ளியிருக்கும். ஆனால் நல்லது காலடியிலேயே விழுந்தது. கனமில்லாத பொக்கு இரண்டு முழம் தள்ளிப் போனது.

பிறகு ஒரு முறத்தை அப்படியே கவிழ்த்தாள். கட்டியாக விழுந்த குவியலைக் கிளறினால் பாதிப் பொக்கு அதற்குள்ளேயே இருந்தது. காற்று வெளிப்பக்கத்து மணிகளை மட்டும் தொட்டிருந்தது. நடுவில் மாட்டிய பொக்கு நல்ல மிளகோடு சேர்ந்து இறங்கிவிட்டது.

"என்ன புள்ள, ஒவ்வொன்னாவா தூத்தப் போற? அடுத்த வருசக் காய்ப்பே வந்துரும்."

"வாயாடாம ஏணியைக் கொண்டாங்க, வெரசா."

மூன்றாம் படியில் நின்று, மணிகள் ஒன்றையொன்று மறைக்காதபடி முறத்தை மெல்லச் சரித்தாள். உயரம் கூடியதால் காற்றுக்கும் அவற்றைத் தள்ள நேரம் கிடைத்தது. அறுபது கிலோவும் தூற்றி முடிக்க மூன்று நாள் ஆனது. ஆறு கிலோ பொக்கு பிரிந்தது. மீதியை 27ஆம் தேதி வேனில் ஏற்றினாள்.

இதற்கிடையே பழைய வியாபாரி வந்தார். "மதுரைக்காரங்க கழிச்சா எங்கிட்டதான் வரணும். அப்ப வெலை இது இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சரக்கை அவருக்கும் கொடுக்காமல், கம்பெனிக்கும் அனுப்பாமல், பதில் தெரியட்டும் என்று சாக்கிலேயே வைத்திருந்தாள் கந்தம்மாள்.

ஐம்பத்து நான்கு கிலோவும் ஏற்கப்பட்டது, பட்டியலில் அவள் பெயர் நீடிக்கிறது என்ற கம்பெனிக் கடிதம் ஆடலூருக்கு வந்த நாள் 8.4.2024, திங்கட்கிழமை.