இரண்டு முறை சிமிட்டினால் வேண்டாம்

பக்கவாதம் வந்தபிறகு என் அண்ணனுக்கு இமைகள் மட்டும்தான் அசையும். ஒருமுறை சிமிட்டினால் ஆமாம், இரண்டுமுறை என்றால் வேண்டாம். கிள்ளானை அடுத்த மேருவில் லோரி ஓட்டியவருக்கு விமானம் ஓட்டத்தான் ஆசை. அதனால் விமானம் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டோடு, கண்களை முழுக்க மறைக்கும் என் வி.ஆர். கண்ணாடியை கிள்ளானில் அவர் வீட்டுக்கே கொண்டுபோய் மாட்டிவிட்டேன்.

“அண்ணே, பினாங்கு போறோம் லா!”

கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி நானே ஓட்டினேன். ஜாலிக்காக விமானத்தைச் சாய்த்துச் சாய்த்துத் திருப்பினேன்.

பத்து நிமிடம் கழித்து உள்ளே வந்த அண்ணி அலறினார். “தம்பி, கழட்டுங்க! அழறாரு!”

கழற்றினேன். கன்னமெல்லாம் ஈரம். கண்கள் இரண்டிரண்டு முறையாகச் சிமிட்டிக்கொண்டே இருந்தன.

எப்போது தொடங்கினாரோ, தெரியாது. பேச அவருக்கிருந்த கண்களை மூடிவிட்டு, “நல்லாருக்கா அண்ணே?” என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.