கழுத்தில் தொடங்கிய சட்டை

நான் இரண்டு ஊசியில் கம்பளி நூல் பின்னுகிறவள். மட்டக்களப்பு வெக்கையில் கம்பளி என்னத்துக்கு என்று கேட்பவர்கள் மார்கழி மழையில் பிள்ளை பெற்றதில்லை. வாவிப் பக்கமிருந்து ஈரக்காற்று அடிக்கத் தொடங்கினால், பிறந்த பிள்ளையின் தலைக்குத் தொப்பியும் காலுக்கு உறையும் தேடி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என் வீட்டுக்கு ஆள் வரும். பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்துவிட்டு வந்து, பின்னேரங்களில் இதைச் செய்வேன். அளவு தெரியாமல் ஒரு கண்ணி, ஒரு நூல் வளையம்கூட ஊசியில் ஏற்ற மாட்டேன். தலைச் சுற்றளவு, பாதத்தின் நீளம், மார்பின் அகலம் எல்லாவற்றையும் முதலில் கேட்டு எழுதிக்கொள்வேன். இந்தப் பின்னலுக்கு அதுதான் வழி. தொடங்கும்போதே எத்தனை கண்ணி என்று முடிவெடுத்துவிட வேண்டும்; பிறகு மனம் மாறினால் முழுவதையும் அவிழ்க்க வேண்டும்.

என் தம்பி கதிரவெளியில் கலியாணம் செய்தவன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். அவனும் அப்படித்தான் போனான். தன் ஒரே மகளுக்கென்று கடற்கரையோடு இரண்டு அறை வைத்து ஒரு கல்வீடு கட்டிக்கொண்டிருந்தான். கூரை போட்டாயிற்று, ஜன்னல் மட்டும்தான் பாக்கி. சுனாமி அந்த வீட்டையும் அவனையும் ஒரே காலையில் கொண்டுபோனது. அவனுடைய உடல் கிடைத்தது. வீட்டின் அத்திவாரம் மட்டும் மணலில் தெரிந்தது.

அதனால்தான் அந்த மகளின், என் மருமகளின், கலியாணம் தலைகீழாக நடந்தது. கொடுக்க வீடில்லை. மாப்பிள்ளை முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை, நல்லவன். "வீடு வேணாம் மாமி, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றான். பெண் மாப்பிள்ளையின் ஊருக்குப் போனது எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் தடவை. பிறகு சண்டை தொடங்கிப் பாதை பூட்டிவிட்டது. அவள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

கதிரவெளி இருக்கும் வாகரைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியபோது என் தம்பி மனைவி, மச்சாள், ஊர்ச் சனத்தோடு காட்டு வழியே நடந்து வந்தார். வழியில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. முறிவைச் சரியாகப் பொருத்த அந்த நேரம் ஆளில்லை. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது; விரல்கள் கோப்பையைப் பிடிக்கும், ஆனால் ஊசியைப் பிடிக்காது. அவர் என் வீட்டில் தங்கிவிட்டார். நான் தனி ஆள், இடம் இருந்தது.

கதிரவெளியில் மச்சாள் குரோஷே பின்னுகிறவர். நுனியில் கொக்கி வைத்த ஒற்றை ஊசி. அதுவும் ஒரு பின்னலா என்று நான் உள்ளூர நினைத்ததுண்டு. மேசை விரிப்பும் ரேடியோ உறையும் செய்கிற வேலை என்பது என் எண்ணம்.

ஒரு நாள் மத்தியானம் என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. மருமகள். எங்கிருந்து, யாருடைய தொலைபேசியில் என்று கேட்க நேரமில்லை. ரிசீவரை மச்சாளின் காதில் வைத்தேன். நானும் தலையை ஒட்டிக்கொண்டேன்.

"பொம்புளப்புள்ளம்மா."

"ஆரப் போலகா?"

"அப்பாவப் போல. நெத்தியெல்லாம் அப்பாட நெத்தி."

என் தம்பியின் நெற்றி. இரைச்சல் வந்து அழைப்பு அறுந்துவிட்டது. மச்சாள் ரிசீவரைப் பிறகும் காதிலிருந்து எடுக்கவில்லை.

அன்றே அவருக்கு ஓர் எண்ணம் பிடித்துவிட்டது. பாதை திறந்ததும் பேத்திக்கு ஒரு சட்டை போக வேண்டும்; வீட்டில் பின்னிய சட்டையாக இருக்க வேண்டும். நான் உடனே கம்பளிப் பையை எடுத்தேன்.

"அளவு சொல்லுங்க மச்சாள், நாளைக்கே ஏத்துறன்."

"எந்த அளவு?"

"புள்ளைட அளவுதான்."

"பாதை எப்ப திறக்குமெண்டு சொல்லுங்க, நானும் அளவு சொல்றன்."

நான் பையைத் திரும்ப வைத்தேன். மச்சாள் சிரிக்காமலே சொன்னார்: "உங்கட ஊசிக்கு எல்லாம் முதலே தெரிஞ்சிருக்க வேணும். பெரிய இடத்துச் சம்பந்தம் போல. என்ட ஊசி அப்பிடியில்ல. கழுத்தில தொடங்கிச் சுத்திச் சுத்திக் கீழ போகலாம். புள்ள வளர வளர நாமளும் கீழ போவம்."

"நீளம் சரி. அகலம்?"

"முதுகைத் திறந்து விடுவம். நாடா வச்சுக் கட்டினால் எந்த முதுகுக்கும் வரும்."

நான் யோசித்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய கையால் முடியாது, என் கைக்குத் தெரியாது. கடையில் ஒரு கொக்கி ஊசியும் வெள்ளைப் பருத்தி நூலும் வாங்கி வந்தேன்.

இத்தனை வருடம் பின்னியவளுக்கு இது ஒரு வாரத்து வேலை என்று நினைத்தேன். இடது கையில் நூலைப் பிடித்ததும் கை ஊமையாகிவிட்டது. என் பின்னலில் ஒரு வரியின் கண்ணிகள் அத்தனையும் ஊசியிலேயே உட்கார்ந்திருக்கும். ஒன்று நழுவினால் கீழே வரை ஓட்டை விழும்; ஆகவே எதையும் விடாமல் பிடித்து வைப்பதுதான் என் கை படித்த பாடம். குரோஷேயில் ஒரு கண்ணியை முடித்துக் கைவிட்டால்தான் அடுத்தது. ஊசியில் இருப்பது எப்போதும் ஒன்றே ஒன்று. என்னால் கைவிட முடியவில்லை. முடிக்க வேண்டியதை முடிக்காமல் அடுத்ததையும் இழுத்து, அதற்கடுத்ததையும் இழுத்து, கொக்கி நிறையக் கண்ணிகளோடு உட்கார்ந்திருந்தேன்.

மச்சாள் எட்டிப் பார்த்தார். "என்னகா இது, கொழும்பு பஸ் மாதிரி? ஆரையாவது இறக்கி விடுங்களன்."

"இறக்கினால் விழுந்திடுமே."

"விழாது. முடிச்சுப் போட்டுத்தானே இறக்கிற. டீச்சருக்கு ஒரு கண்ணியில நம்பிக்கையில்ல."

தான் சொல்வது எனக்கு விளங்காதபோது அவர் கோணலான கையை என் கையின்மேல் வைத்துத் தள்ளுவார். நோவு அவருடைய முகத்தில் தெரியும். கழுத்துப் பட்டையை நான் பல தடவை அவிழ்த்தேன். அவிழ்ப்பது மட்டும் இதில் சுகம்: ஊசியை எடுத்துவிட்டு நூலை இழுத்தால் வரி வரியாக ஓடிவிடும். கடைசியில் கழுத்து நின்றது. கொஞ்சம் இறுக்கம், கொஞ்சம் கோணல். மச்சாள் போதும் என்றார்.

அடுத்த வீட்டில் அதே மாதத்தில் ஒரு பெண் பிள்ளை பிறந்திருந்தது. நாங்கள் சட்டையைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அதன் தாய் போட்டுப் பார்க்க விடமாட்டாள். வேறு பிள்ளைக்கென்று செய்ததைத் தன் பிள்ளைக்கு மாட்டக்கூடாதாம். "முதுகில வச்சுப் பாருங்க அக்கா, சட்டைக்குள்ள கைய மட்டும் விட்டுறாதீங்க" என்று குப்புறக் கிடத்தித் தருவாள். நான் சட்டையை விரித்து, பிள்ளையின் முழங்கால் மடிப்பு வரும் இடத்தைப் பார்த்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து அவ்வளவுக்குக் கீழே இறக்குவேன்.

இன்னொரு அழைப்பு வந்தது. பிள்ளை குப்புறப் புரள்கிறாளாம், யாரைக் கண்டாலும் சிரிக்கிறாளாம். அதன் பிறகு தொலைபேசி அடிக்கவில்லை.

முதல் உருண்டை நூல் முடிந்தபோது அதே வெள்ளை எங்கும் கிடைக்கவில்லை. வாங்கியது கொஞ்சம் பழுப்பு அடித்தது. இடுப்புக்குக் கீழே அந்த நிறம் தொடங்கும் வரியை என்னால் பார்க்காமல் இருக்க முடியாது. அது எனக்குப் பெரிய குறை. "வெயிலில போட்டால் எல்லாம் ஒண்டாகும்" என்றார் மச்சாள். அந்த மாதங்களில் அவர் ரேடியோவைப் போடுவார், நான் நிறுத்துவேன், அவர் திரும்பப் போடுவார். சண்டை போய்ச் சேர்ந்த ஊர்ப் பேர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. கேட்டுக்கொண்டே நான் பின்னினேன். என் கை பழகிவிட்டிருந்தது. பழுப்பு நூல் வரிகள்தான் அந்தச் சட்டையிலேயே நேரான வரிகள்.

போர் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். தெருவில் வெடி கொளுத்திய சத்தம் கேட்டது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டோம். பல கிழமைகளுக்குப் பிறகு முன்பின் தெரியாத ஒரு பெண் வவுனியாவிலிருந்து அழைத்தாள். "உங்கட மகள முகாமில கண்டனான். உயிரோட இருக்கிறா. உங்களுக்குச் சொல்லச் சொன்னவ." அவ்வளவுதான். மச்சாள் வேறு எதுவும் கேட்கவில்லை. நான் கேட்கத் திரும்புவதற்குள் வைத்துவிட்டார்.

"மகள் இருந்தால் புள்ளையும் இருக்கும்தானே," என்றார். பிறகு, "இப்ப நடக்கிற வயசு. நீளம் காணாது மச்சாள்."

அடுத்த வீட்டுப் பிள்ளை சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தது. இப்போது அதை நிற்க வைத்துத்தான் அளந்தோம். சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து ஆட்களை விடும்வரை, மாதத்துக்கு மாதம், நான் சட்டையை இறக்கிக்கொண்டே போனேன்.

அவள் வந்த அன்று நாங்கள் இருவரும் பஸ் நிலையத்தில் நின்றோம். சட்டையைக் கொக்கி ஊசியோடே பையில் வைத்து மச்சாள் கொண்டுவந்திருந்தார். ஆளைப் பார்த்து இன்னும் ஒரு வரி வேண்டுமா என்று சொல்வாராம். மருமகள் பின்வாசலால் இறங்கினாள். ஒரு கையில் பொலித்தீன் பை இருந்தது. மற்றக் கை சும்மா இருந்தது. அவளுக்குப் பின்னால் யாரும் இறங்குகிறார்களா என்று மச்சாள் பார்த்தார். பஸ் போன பிறகும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பிறகு அவளே சொன்னாள். புருஷனைக் கடைசிக் கிழமையில் கூட்டத்தில் தவறவிட்டாளாம். எங்கே என்று தெரியாது. பிள்ளை அதற்கு முந்தியே போய்விட்டதாம். மாசி மாதம், இடம் மாறி இடம் மாறி ஓடும்போது, வயிற்றோட்டம். மருந்து இல்லை. ஒரு பனைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்ததாகச் சொன்னாள். எந்தப் பனை என்று இனிப் போனாலும் கண்டுபிடிக்க ஏலாது என்றாள்.

மாசி. நான் மனதுக்குள் சட்டையைப் பார்த்து, மாசியில் எந்த வரி என்று தேடிக்கொண்டிருந்தேன். நிறுத்த முடியவில்லை.

மச்சாள் பையிலிருந்து அதை எடுத்து மகளின் மடியில் வைத்தார். மறைத்து வைப்பார் என்று நினைத்திருந்தேன். "உன்ட மாமி பின்னினவ," என்றார். 

மருமகள் சட்டையை விரித்துப் பார்த்தாள். அழவில்லை. இடது முன்கையில், பிள்ளையை ஏந்துகிற மாதிரி, முழங்கை மடிப்பில் கழுத்து வர அதைக் கிடத்தினாள். சட்டையின் கீழ்ப்பகுதி உள்ளங்கையைத் தாண்டித் தொங்கியது.

"இவ்வளவு வளரல்ல மாமி."

வலது கை விரலை மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒரு வரியில் வைத்தாள். "இதுமட்டும்தான் இருந்தவ." வெள்ளை முடிந்து பழுப்பு தொடங்கி, இரண்டு விரல் அகலத்துக்குக் கீழே இருந்தது அந்த வரி.

"மிச்சத்த அவிழ்த்து விடுங்க."

"வேணாம் புள்ள," என்றார் மச்சாள். "எவ்வளவு நாள் இருந்து பின்னினவ."

"அவவுக்குச் சரியா இருக்க வேணும்மா."

நான் கடைசிக் கண்ணியிலிருந்து ஊசியை எடுத்தேன். நூலை இழுத்தேன். வரிகள் தடையில்லாமல் வந்தன. அவளுடைய விரல் அசையாமல் அதே இடத்தில் இருந்தது. நெளிந்த நூல் தரையில் குவிந்தது. மச்சாள் குனிந்து இடது கையால் அதைச் சேர்த்தார், சிக்கு விழாமல் இருக்க. விரலருகே வந்ததும் "காணும், போதும்" என்றாள் மருமகள்.

ஒரு கண்ணி திறந்தபடி நின்றது. எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு காலத்தில் அதை நான் படிக்க வேண்டி வரவேயில்லை. மச்சாளைப் பார்த்தேன்.

"நூல வெட்டுங்க," என்றார். "நுனிய அந்தக் கண்ணிக்குள்ளால இழுத்து இறுக்குங்க. அவ்வளவுதான்."

வெட்டி, இழுத்து, இறுக்கினேன்.