பெஞ்சில் இருந்தபடி பட்டெடுத்த பிச்சையம்மாள்

ஜவுளிக்கடை வேலையில் எனக்குப் பிடிக்காத கூட்டம், முகூர்த்தப்பட்டு எடுக்க வருகிற கூட்டம்தான். கட்டிக்கொள்ளப் போகிறவள் ஒருத்தி, யோசனை சொல்ல ஒரு வேன் ஆள். அத்தைக்குக் கரை பிடிக்காது, சித்திக்கு முந்தி பிடிக்காது. சேலையைப் பற்றி ஒன்றுமே தெரியாத தாய்மாமன், இதைவிடப் பெரிய பூப் போட்டது கிடையாதா என்பார். கல்யாணப் பெண் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். முகூர்த்தப்பட்டு மாப்பிள்ளை வீட்டுச் செலவு, அதனால் அவர்கள் வைத்ததுதான் பேச்சு.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ராஜரத்தினம் முதலாளி கடையில் பட்டுப் பிரிவுக்கு நான் வந்தது எண்பத்திரண்டில். ஒவ்வொரு சேலையையும் என் தோளில் போட்டுக்காட்டுவேன். காதர் தோளில் போட்டால் எந்தச் சேலையும் விலைபோகும் என்று முதலாளி கிண்டல் செய்வார். என்னைக் கட்டிக்கொள்ளத்தான் அப்போது யாரும் வரவில்லை.

பிச்சையம்மாளை நான் முதலில் பார்த்தது அந்த வருஷம்தான். ஒரு கூட்டம் உள்ளே நுழைந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தது. ஒரு அம்மா மட்டும் எதிர்ச்சுவர் ஓரம், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மங்கிய சேலை, வெறும் நெற்றி. நான் சேலை சேலையாக விரித்தேன். கூட்டம் சேலையைப் பார்க்கவில்லை, ஓரக்கண்ணால் அந்தப் பெஞ்சைப் பார்த்தது. அந்த அம்மா முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்தினார். உடனே மாப்பிள்ளையின் அத்தை, “இதையே கட்டுங்க” என்றார்.

பொறவுதான் எனக்கு விவரம் தெரிந்தது. பிச்சையம்மாளின் புருசன் மில்லில் வேலை பார்த்து, பெண் குழந்தை தொட்டிலில் கிடக்கும்போதே இறந்துபோனவர். இந்தம்மா ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி செய்கிற கம்பெனியில் துணி மடிக்கப் போய்க் குழந்தையை வளர்த்தார். எந்தப் பெண்ணுக்கு எந்த நிறம் எடுக்கும் என்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் புருசனை இழந்தவர் முகூர்த்தப்பட்டைத் தொடக் கூடாது, ‘இதை எடு’ என்று வாயால் சொல்லவும் கூடாது. அவர் கண் மட்டும் வேண்டும், கை வேண்டாம். அதற்காகத்தான் அந்தப் பெஞ்சு, சரியான சேலை வந்ததும் இழுத்துவிடுகிற அந்த முந்தானை. எனக்கு இது தெரிந்தபோது வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அந்தம்மாவுக்குக் கோபம் கிடையாது. ஒரு நாள் கேட்டேவிட்டேன். “எப்படிக்கா இம்புட்டு சரியாப் பாக்கிய?”

“நாள் பூரா வெள்ளத் துணியவே பாத்துக்கிட்டு இருக்கேன் தம்பி. கண்ணு நெறத்துக்கு ஏங்கிக் கெடக்கு” என்றார்.

அவர் சேலையைப் பார்ப்பதே குறைவு. பெண்ணைத்தான் பார்ப்பார். கறுத்த பெண் என்றால் எல்லாரும் வெளிர்நிறம் கேட்பார்கள். இவர் அடர்ந்த கத்தரிப்பூ நிறத்துக்கு முந்தானையை இழுப்பார். அதைத் தோளில் போட்டதும் அந்தப் பெண்ணின் முகம் தெளிந்துவிடும். கூனிக்குறுகி வந்த பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு தடவை தப்பு நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் வந்த நேரம் முதலாளி பெஞ்சுக்கு மேலே புது ஃபேன் மாட்டியிருந்தார். காற்றில் நழுவிய முந்தானையை அந்தம்மா சும்மா இழுத்துவிட, என் தோளில் அப்போது கிடந்த கிளிப்பச்சையை அவர்கள் எடுத்துவிட்டார்கள். முகூர்த்தப்பட்டை எடுத்தபின் மாற்றினால் சகுனத்தடை. அந்தம்மா முகம் செத்துப்போனது. நல்ல வேளை, கூட வந்திருந்த மாப்பிள்ளை, “ஆண்டாள் ஊருல கிளிப்பச்சைக்கு என்ன கொறச்சல்?” என்றார். அன்று சாயங்காலமே அந்த ஃபேனைக் கழற்றி நான் வேறு பக்கம் மாட்டினேன்.

என் தங்கை நசீமாவின் நிக்காஹ் சேலையும் அந்தம்மா பார்த்ததுதான். எங்களுக்கு அந்தத் தடை எதுவும் இல்லை என்று என் அம்மா சேலையைப் பிச்சையம்மாள் கையில் கொடுக்கப்போனார். “கல்யாணப் பொண்ணு சேலை, நீங்களே வைங்கம்மா” என்று அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

அந்தக் கையால் ஒரே ஒரு பட்டை எடுக்கவேண்டும் என்கிற ஆசை மட்டும் அவருக்கு இருந்தது. மகள் பரிபூரணத்துக்கு. “எம்மவளுக்கு அரக்குதான் தம்பி, மயில்கழுத்துக் கரை” என்று என்னிடம் சொல்லிவைத்திருந்தார்.

தொண்ணூற்றிரண்டு தை மாதம், ஒரு புதன்கிழமை. பரிபூரணத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் காசிராஜன் என்ற வரன் அமைந்து, மாப்பிள்ளையின் அம்மா பட்டெடுக்க வந்தார். கறாரான பொம்பளை. வந்ததும் கடிகாரத்தைப் பார்த்து, “பன்னெண்டுக்கு ராகு காலம். அதுக்குள்ள எடுத்துரணும்” என்றார். பிச்சையம்மாள் யாரும் சொல்லாமலே பெஞ்சுக்குப் போய்விட்டார்.

நான் வேண்டுமென்றே அரக்கில் மயில்கழுத்துக் கரையைத் தோளில் போட்டேன். முந்தானை அசையவில்லை. வேறொன்றைப் போட்டேன், அதற்கும் அசையவில்லை. பரிபூரணம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தம்மாவோ தலையைக் குனிந்துகொண்டார். தண்ணீர் எடுக்கிற சாக்கில் பக்கத்தில் போனேன்.

“என்னக்கா, பேசாம இருக்கிய?”

“ஊராருக்குச் சொன்னேன், சரி. எம்மவளுக்கு நானே சொல்லி, நாளைக்கு அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? நீங்களே பாத்து எடுங்க தம்பி.”

ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பார்த்துக் கொடுத்தவருக்குத் தன் மகள் விஷயத்தில் தன் கண்ணின் மேலேயே பயம் வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கூப்பிட்டார். “என்ன காதரு, பெஞ்சு ஒண்ணுஞ் சொல்லலயா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எங்க ஊருல இல்லாத கடையா? அந்தப் பெஞ்ச நம்பித்தான பஸ் ஏறி இம்புட்டுத் தூரம் வந்தோம்” என்றார். பிறகு என் தோளிலிருந்த அரக்கை உருவிக்கொண்டு நேராகப் பெஞ்சுக்குப் போனார். பிச்சையம்மாள் கையைப் பின்னால் கொண்டுபோவதற்குள் சேலையை அவர் மடியில் வைத்துவிட்டார்.

“மதினி, எம்மவனுக்கு நீங்க பெத்த பொண்ணு வேணும், நீங்க தொட்ட சேல வேண்டாமா? பிரிச்சுப் பாருங்க.”

பிச்சையம்மாள் எல்லாரையும் ஒரு தரம் பார்த்தார். மெதுவாக ஒரு விரலால் கரையைத் தொட்டார். அப்புறம் உள்ளங்கையை வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தம்பி, அந்தக் குங்குமக் கலரக் கொண்டாங்க” என்றார். கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு இன்னொன்று கேட்டார். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிவு சொல்கிற அம்மா அன்று ஒரு முடிவுக்கும் வரவில்லை. ஜரிகையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், மடிப்பை மோந்து பார்த்தார்.

கடிகாரத்தில் பன்னிரண்டு ஆகப்போனது. நான் பயந்துபோய் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். ஜமுக்காளத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டு அடித்து முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“ராகு காலம் பொறந்துட்டு. இனி அது கழியாம ஒண்ணும் எடுக்கக் கூடாது. ஏன் காதரு சும்மா நிக்கீரு? அம்புட்டையும் எறக்கும். மதினி செத்த நேரம் தொட்டுப் பாக்கட்டும்.”

மேல்தட்டுவரைக்கும் ஏறி இறக்கினேன். முதலாளி திட்டவில்லை, அவரும் நின்று எடுத்துக்கொடுத்தார். ராகு காலம் கழிந்ததும் பிச்சையம்மாள் பெஞ்சைவிட்டு எழுந்தார். அந்தக் குவியலுக்கு அடியில் கைவிட்டு, மடியில் முதலில் விழுந்த அந்த அரக்கையே எடுத்துக்கொண்டு வந்து, மகள் தோளில் போட்டார்.