தனியா எடுத்துத் தட்டு

ஜங்ஷன் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்கே, நீங்கள் என் காரின் சத்தத்தைக் கேட்கவே இல்லை. கேட்பதுபோல் நின்றீர்கள். அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் நான் வாடகைக் கார் ஓட்டினேன். பல கை மாறி வந்த கறுப்பு வண்டி. மைல் மீட்டரின் எண்கள் ஒரு முழுச்சுற்று முடிந்து சைபருக்கு வந்து, மறுபடியும் பாதி ஏறியிருந்தன. கல்யாணம், பிரசவம், சாவு, எல்லாவற்றுக்கும் அதுதான் போகும். அது போய்விட்டால் பழையபடி பெண்ணாடத்துக்குக் கரும்பு லோடு ஏற்றத்தான் போக வேண்டும். என் முதுகு அதற்கு லாயக்கில்லை.

ஒருநாள் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து திரும்பும்போது முன்பக்கம் 'டொக் டொக்' என்று சத்தம் கிளம்பியது. நேராக உங்கள் ஷெட்டுக்குத்தான் வந்தேன். நீங்கள் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தீர்கள். முனையை என்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

"உள்ள பேரிங் போச்சுங்க. என்ஜினை இறக்கணும். இந்த வயசான வண்டிக்கு அது வேஸ்ட்டு. வித்துடுங்க. பெண்ணாடத்துல ஒரு பார்ட்டி இருக்காரு, இரும்புக்கு எடுத்துக்குவாரு."

"நல்லா பாத்தீங்களா?"

"நீங்களே கேளுங்க." ஸ்க்ரூ டிரைவரை என்னிடம் நீட்டினீர்கள். காதில் வைத்தேன். மண்டைக்குள்ளேயே இடித்தது.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஸ்பேனரால் என்ஜினைத் தட்டிக் காது கொடுத்தேன். விருத்தாசலம் பீங்கான் ஊர்; கப்பைத் தட்டிப் பார்த்து வாங்குகிற ஊரில் பிறந்தவன் புத்தி அப்படித்தான் போகும். ஷெட்டே சிரித்தது.

"என்னங்க, காபி கப்பு வாங்க வந்தீங்களா?" என்றீர்கள்.

என் அண்ணி அப்போது ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை செய்தார். சூளையில் வெந்து வந்த கப்புகளை விரல் முட்டியால் தட்டி, நல்லது எது விரிசல் எது என்று பிரிக்கிற வேலை. ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். பக்கத்தில் மண் அரைக்கும் உருளை இடி மாதிரி உருண்டுகொண்டிருந்தது. என் எதிரில் நின்றவர் பேசியதே எனக்குக் கேட்கவில்லை. அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்துகொண்டு அண்ணி கப்பைத் தூக்குவார், ஒரு தட்டு, வலப்பக்கம் வைப்பார். அடுத்தது, ஒரு தட்டு, இடப்பக்கம். இடப்பக்கம் போனவை தட்டினால் கணீரென்று ஒலிக்காத விரிசல் கப்புகள்; அவற்றுக்கு அங்கே 'ஊமை' என்று பேர்.

ஓர் ஊமையை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கோடுகூடத் தெரியவில்லை. நம்பாமல் அதில் டீயை ஊற்றி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெளிப்புறம் மயிர் மாதிரி ஓர் ஈரக்கோடு இறங்கியது. கண்ணுக்குத் தெரியாததை அந்த விரல் எப்படிக் கண்டுபிடித்தது?

அன்று சாயங்காலம் அண்ணி வேலை முடிந்து வந்தார்.

"என்ன தம்பி, மூஞ்சி வெந்த கத்திரிக்கா மாதிரி இருக்குது?"

சொன்னேன். வீட்டுக்குள்கூடப் போகாமல் காரிடம் வந்தார். "ஸ்டார்ட் பண்ணு, கேப்போம்."

கேட்டார். கண்ணை மூடவில்லை.

"இதுல எது எதைத் தொட்டுக்கிட்டு இருக்குது?"

"எல்லாம் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டுத்தான் இருக்குது அண்ணி."

"அப்பறம் எப்படித் தெரியும்? ரெண்டு கப்பு ஒட்டிக்கிட்டு இருந்தா நாங்க தட்ட மாட்டோம். பக்கத்துக் கப்போட சத்தம் இதுல ஏறிக்கும். தனியா எடுத்துத்தான் தட்டணும். இதுல எதைத் தனியா எடுக்கலாம்?"

இத்தனை வருஷம் கார் ஓட்டியவன் நான். அப்போதுதான் குனிந்து என்ஜினின் முன்பக்கத்தைப் பார்த்தேன்.

"முன்னால ஒரு பெல்ட்டு இருக்குது. தண்ணி பம்ப்பும் டைனமோவும் அதுலதான் சுத்துது."

"கழட்டு."

"அது இல்லாம ரொம்ப நேரம் ஓட்டக் கூடாது. சூடாயிடும்."

"நான் உன்னை மெட்ராஸுக்கா போகச் சொன்னேன்?"

கழற்றினேன். ஸ்டார்ட் செய்தேன். டொக் டொக் இல்லை. என்ஜின் மட்டும் சீராக ஓடியது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கோயிலில்கூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை. அண்ணி கையில் ஒட்டியிருந்த வெள்ளை மண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இது ஊமை இல்ல. பக்கத்துல இருக்கிறதுதான் ஊமை" என்றார்.

என்ஜினை நிறுத்திவிட்டு, பம்ப்பின் தண்டில் மாட்டியிருக்கும் ஃபேன் இறக்கையைப் பிடித்து ஆட்டினேன். தண்டே விழப்போகிற பல் மாதிரி ஆடியது. கடலூரிலிருந்து வேறு பம்ப் வாங்கி வந்து மாட்டினேன். அதற்கப்புறம் அந்த வண்டி எத்தனையோ வருஷம் ஓடியது. அதில் போய்ப் பிறந்த பிள்ளைகளுக்கே நான் கல்யாணக் கார் ஓட்டினேன்.

என் கார் செத்துவிட்டது என்று வாடகைக் கார் ஸ்டாண்ட் முழுக்கச் சொன்னவர் நீங்கள். அது ஓட ஆரம்பித்ததும், 'பெல்ட்டைக் கழற்றிக் கண்டுபிடித்ததே நான்தான்' என்று நீங்களே சொல்லத் தொடங்கினீர்கள். போன வாரம்கூட உங்கள் ஷெட்டில் ஒருவரிடம் அதைச் சொன்னீர்களாம். எனக்குத் தகவல் வந்தது.

அதே கார் ஸ்டாண்டுக்கு வாருங்கள். பழைய டிரைவர்கள் இன்னும் நாலைந்து பேர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். என் அண்ணியையும் அழைத்து வருகிறேன். அத்தனை பேர் முன்னாலும், அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். அந்த பெல்ட்டைக் கழற்றச் சொன்னது யார்?