எலுமிச்சைக்கு ஊற்றிய மழை

இன்றைக்குக் கோம்பை முதல் கூடலூர் வரை எவன் கிணறு வெட்டினாலும், வாய்க்கால் இழுத்தாலும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மண்வெட்டியைத் தொடமாட்டான். இதை நானே சொல்லிக்கொள்வது பெருமைதான். இருக்கட்டும், சம்பாதித்த பெருமை. பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் காலேஜில் ஒன்றரை வருடம் இருந்தவன். மூன்றாம் வகுப்புக்காரன் காலேஜுக்குள் எப்படி நுழைந்தான் என்று கேட்காதவர் கிடையாது.

மலைமேல் பெரிய அணை எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கள் பக்கத்து இளவட்டம் பாதிப்பேர் அங்கேதான் கிடந்தோம். நான் கல் சுமந்தேன், சுண்ணாம்புச் சாந்து குழைத்தேன். என்னைவிட ஒல்லியான ஒருவன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இங்கே அளந்து, அங்கே அளந்து, காகிதத்தில் ஏதோ கீறுவான். அவன் கீறின இடத்தில் நாங்கள் நூறு பேர் போய்க் கல் வைப்போம். தண்ணீர் நம் பள்ளத்தாக்குக்கு வரப்போகிறது, வந்தால் அதை அளக்க ஆள் வேண்டும், அந்த ஆள் நானாக இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. மதுரைப் பக்கம் ஒரு மிஷன் காலேஜில் கைவேலை செய்தபடியே படிக்கலாம் என்று எங்கள் ஊர் வேதக்கோயில் உபதேசியார் சொன்னார். துணிமூட்டையை எடுத்தேன். தேனி வழியாக ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி நாலு நாள் நடை.

காலேஜின் பெரிய பாதிரியார் என் கையைத் திருப்பிப் பார்த்தார், காய்ப்பைத் தடவினார். மூன்று மாதம் பார்ப்போம், பிறகு வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வோம் என்றார். காலையில் வேலை, மதியம் கீழ்வகுப்பில் எழுத்தும் கணக்கும், வாரத்தில் இரண்டு நாள் எஃப்.ஏ. என்கிற மேல்வகுப்பு மாணவர்களின் விஞ்ஞான வகுப்பில் பின்னால் நின்று கேட்க அனுமதி. அந்தக் காலேஜில் ஒரு வழக்கம் எனக்குப் பிடித்திருந்தது. காலையில் இலக்கணமும் தர்க்கமும் ஒப்பிக்கிறவர்களே சாயங்காலம் தச்சுப் பட்டறையில் இழைப்புளி தள்ளவேண்டும். பெரிய வீட்டுப் பிள்ளை என்று யாருக்கும் விலக்கு இல்லை.

அதில் ஒருவர் மதுரை டவுன்காரர், ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளை. என்னைக் கண்டால் அவருக்குப் பொழுது நன்றாகப் போகும்.

"என்னப்பா, அணைக்குக் கல்லு சுமந்தது போதாதுன்னு இங்க கணக்குச் சுமக்க வந்துட்டியாக்கும்?"

"நான் சுமந்த கல்லு நிக்குது. நீங்க சுமந்த கணக்குல எது நிக்குதுன்னு காட்டுங்க, பாப்போம்" என்றேன். எனக்கும் வாய் உண்டு.

மூன்றாவது மாதம், ஐப்பசியில், பட்டறையிலிருந்து என்னைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். அங்கே வேலிக்குள் ஒரு செப்புக் கலம் நின்றது. மேலே புனல், உள்ளே போத்தல். தோட்டத்தில் இருப்பதெல்லாம் துப்புரவாக இருக்கவேண்டும் என்றுதான் எனக்குச் சொன்னார்கள், கலம் எதற்கென்று யாரும் சொல்லவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தால் போத்தலில் தண்ணீர். எங்கள் பக்கம் மழைக்கு ஏங்கிப் பழகியவர்கள் தண்ணீரைச் சும்மா கொட்டமாட்டோம், கலத்தில் பாசி பிடிக்கவும் விடமாட்டோம். போத்தலை எடுத்துப் பக்கத்து எலுமிச்சங்கன்றுக்கு ஊற்றினேன். சாம்பல் போட்டுக் கழுவித் துடைத்து வைத்தேன். மூன்று நாளும் இரவில் மழை, மூன்று நாளும் காலையில் இதே வேலை.

அந்தக் கலத்தில் விழுந்த மழையைத் தினம் எட்டு மணிக்கு அளந்து பதிவேட்டில் எழுதும் பொறுப்பு டவுன்காரருடையது. மூன்று நாளும் அவர் "மழை இல்லை" என்று எழுதியிருக்கிறார். நாலாம் நாள் வகுப்பில் விஞ்ஞான வாத்தியார் பதிவேட்டைப் பிரித்தார். மூன்று இரவும் நனைந்த அவருடைய குடை வாசலில் இன்னும் காயாமல் கிடந்தது. படுக்கையைவிட்டு எழாமலே எழுதினாயா என்று கேட்டார். சத்தியமாகப் போய்ப் பார்த்தேன், போத்தல் காய்ந்து கிடந்தது என்று டவுன்காரர் சொல்லச் சொல்ல, யாரும் நம்பவில்லை. இனி இவன் கையில் பதிவேடு கிடையாது என்றார் வாத்தியார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. உள்ளதைச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் அவர் முழிப்பதை ரசித்தேன். பாதிரியார் முடிவு சொல்ல ஒரு வாரம்தான் பாக்கி. வாயைத் திறந்தால் மறுபடி நாலு நாள் நடை, மறுபடி சுண்ணாம்பு. திறக்காவிட்டால் எவனுக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் செய்யாத தப்புக்கு ஒருத்தன் தலைகுனிந்து நிற்க, பின்னால் நின்று பாடம் கேட்க எனக்குக் கால் வரவில்லை.

"ஐயா, அந்தத் தண்ணியக் கொட்டுனது நான்தான்."

"எதுக்குய்யா கொட்டுன?"

"பாசி பிடிச்சிரும்னு கழுவி வச்சேன். தண்ணி வீணாகல, எலுமிச்சைக்கு ஊத்திட்டேன்."

வகுப்பே சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. "மூணு நாள் மழையும் போச்சேய்யா" என்றார்.

"எங்கன போகும்? மண்ணுலதான கெடக்கு. மூணு நாளும் சேத்து ரெண்டு உழவு மழைங்க."

உழவு என்பது எத்தனை அங்குலம் என்று டவுன்காரர் கேட்டார். அங்குலம் எனக்குத் தெரியாது. ஏர் பிடித்தால் கொழு இறங்குகிற ஆழத்துக்கு ஈரம் இறங்கியிருந்தால் அது ஒரு உழவு மழை, எங்கள் பக்கம் அப்படித்தான் பேசுவோம் என்றேன். வாத்தியார் சாக்கட்டியை வைத்துவிட்டு, எல்லாரும் மண்வெட்டி எடுங்கள் என்றார்.

தோட்டத்தில் மூன்று இடத்தில் வெட்டி, ஈரம் எவ்வளவு ஆழம் என்று அடிக்கோல் வைத்துப் பார்த்தோம். பிறகு மழை படாத வண்டிக் கொட்டகைக்குள் போனோம். அளவுக் கண்ணாடியால் தண்ணீர் ஊற்றி, ஒரு அங்குல மழைக்கு ஈரம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது வாத்தியாரின் யோசனை. அதில் நான் குறுக்கே விழுந்தேன். மிதிபட்ட தரை வேறு, கொத்திய மண் வேறு, முதலில் இதையும் தோட்டம்போலக் கொத்திப் பொலபொலப்பாக்க வேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டார். எஃப்.ஏ. படிக்கிறவர்கள் வேட்டியை மடித்துக்கட்டிக் கொத்தினார்கள். டவுன்காரர் உள்ளங்கையில் கொப்புளம். "உங்க ஊருல தெனமும் இப்படியா?" என்று முதல்தடவை கேலி இல்லாமல் கேட்டார்.

மறுநாள் வெட்டிப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். என் இரண்டு உழவு அவர்கள் கணக்கில் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். வாத்தியார் அதைப் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினார். எனக்குக் கோபம். சரியாகச் சொன்னதற்கு எதற்குச் சிவப்பு என்று கேட்டேன்.

"நீ சொன்னது மதிப்பு, உத்தேசம். போத்தல் சொல்றது அளவு. ரெண்டும் வேணும். ஆனா எது எதுன்னு படிக்கிறவனுக்குத் தெரியணும், அதுக்குத்தான் செவப்பு."

ஒன்றரை வருடத்தில் எவ்வளவோ கேட்டேன், பாதி மறந்துவிட்டது. இது மறக்கவில்லை. கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்பவனிடம் இன்றும், "இது மதிப்பு, அளவில்லை" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன். என்னை நம்புவதற்கு அதுதான் காரணம். மதிப்பும் அநேகமாகத் தப்பாது, அது வேறு.

ஒரு வாரம் கழித்துப் பெரிய பாதிரியார் கூப்பிட்டார். டவுன்காரர்தான் ஓடிவந்து சொன்னார்: "உன்னைய வச்சுக்கிறாகளாம். பதிவேட்டையும் உங்கிட்டயே குடுக்கச் சொல்லிட்டாக." மாத முடிவுக்குள் இங்கிலீஷ் எண் எழுதப் பழகவேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அதே டவுன்காரர். எட்டு எழுதுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அடுத்த மழை கார்த்திகை பிறந்ததும் வந்தது. எட்டு மணிக்குக் கலத்தைத் திறந்தேன். அளவுக் கண்ணாடியில் ஊற்றிக் கண் மட்டத்துக்குப் பிடித்துப் பார்த்து, கறுப்பு மையில் என் கையால் எழுதினேன். எழுத்து கோணல், அளவு நேர்.

பிறகு அந்தத் தண்ணீரை எலுமிச்சைக்கு ஊற்றினேன்.