மண்முனைப் பாதையும் நான் கேட்டும் கேட்காத திகதியும்

படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து மருத்துவமனைக்குப் போகும் வழியை எழுதும்படி ஒரு வாசகி கேட்டிருந்தார். அவருடைய மகளுக்கு இது நாலாம் மாதமாம். வழி எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதை எழுதினால் யுத்தகாலத்தில் போன ஒரு பயணத்தையும் எழுத வேண்டிவரும். இரண்டு கிழமை தள்ளிப்போட்டேன்.

தொண்ணூறுகளில், ஒரு மாசி மாதம். அக்கா மகள் தவமணிக்கு மூன்று நாளாக அடிவயிற்றின் இடப்பக்கம் வலி. அவள் கணவனைப் போன்ற இளைஞர்கள் அக்கரையில் இராணுவக் காவலரணுக்குப் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. அக்காவுக்கோ காய்ச்சல். அக்கரையில் இருக்கும் ஆரையம்பதிக்கு வாரம் ஒருமுறை ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்து போனார். எங்கள் ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவன் நான்தான். ஆகவே நான் கூட்டிப்போனேன்.

காலை 5.40க்குச் சைக்கிளில் புறப்பட்டோம். வயல் வட்டைகளின் ஊடாக ஒன்பது கிலோமீற்றர். குலுங்கும் இடங்களில் இறங்கி நடந்தோம். 7.25க்கு மண்முனைத் துறை. அங்கே ‘பாதை’ என்றால் தெருவல்ல, ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் தட்டையான மிதவை. கடக்கப் பத்து நிமிடம், காவலரண் சோதனைக்கு ஒரு மணி இருபது நிமிடம். டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது 10.05. இவ்வளவையும் அன்றே கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன்.

சாப்பாடு, வாந்தி, காய்ச்சல் பற்றிய கேள்விகளைச் சரளமாக மொழிபெயர்த்தேன். பிறகு அவர், கடைசி மாதவிடாய் எந்தத் திகதி என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் அதை நேரே கேட்பதில்லை. மாதவிடாய் முடிந்து தலைமுழுகுவதைத்தான் சொல்வோம். கருவுற்றவளை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்போம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

“புள்ள, கடைசியா எப்ப முழுகின?”

“இண்டைக்குக் காலமதான், மாமா.”

அவளுடைய கூந்தல் நுனி இன்னும் ஈரமாக இருந்தது. விடியற்காலையில் கிணற்றடியில் குளித்ததைச் சொல்கிறாள் என்பது எனக்கு விளங்கியது. இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். “இன்றுதான் முடிந்ததாம்” என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னேன். அப்படியென்றால் கர்ப்பமில்லை என்று, டாக்டர் வயிற்றுப்புண்ணுக்கு மாத்திரை தந்தார்.

12.30க்குத் திரும்பவும் பாதையில் ஏறினோம். நடு வாவியில் தவமணி வெளிறிப்போய்ச் சரிந்தாள். தோள்மூட்டும் வலிக்கிறது என்றாள். மீன்கூடையோடு வந்த ஆரையம்பதிப் பெண்ணொருத்தி அவள் தலையை மடியில் தாங்கி, எல்லோருக்கும் கேட்கக் கேட்டாள்.

“என்னகா புள்ள, முழுகாம இரிக்கியா?”

“தெரியாதக்கா... ரெண்டு மாசமா வரல்ல.”

காலையில் டாக்டரிடம் எங்களைக் கண்டிருந்த மீன்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“இதக் கேக்காமலா வாத்தியார் டாக்குத்தர்ட்டக் கூட்டிப் போன நீங்க? இங்கிலீசு மட்டும் கிழியக் கிழியப் பேசுவீங்க! டேய், பாதையத் திருப்புங்கடா!”

திருப்பினார்கள். இந்த முறை காவலரணில் அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார்கள். ஒரு மீன் வேனில் ஏற்றி, ஏழு கிலோமீற்றர் தாண்டிப் பட்டணத்து மருத்துவமனையில் சேர்த்தபோது 1.40. கரு கருப்பையில் தங்காமல் குழாயில் வளர்ந்து, குழாய் வெடித்திருந்தது. உயிர் தப்பினாள். காலையிலேயே தெரிந்திருந்தால் வெடிக்குமுன் பார்த்திருக்கலாம் என்றார்கள். அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தை தங்கவில்லை.

இப்போது அந்த இடத்தில் பாலம் இருக்கிறது. போன மாதம் தவமணியோடு ஆட்டோவில் அதைக் கடந்தேன்; இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அன்று அவள் சொன்னது விளங்கியும் டாக்டரிடம் பொய் சொன்னதை அப்போதுதான் அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

“நீங்க கேட்டதும் எனக்கு விளங்கினதான், மாமா” என்றாள். “உங்கட காதெல்லாம் சிவந்துபோய்க் கிடந்திச்சு. உள்ளதச் சொன்னா மனிசன் மயங்கி விழுந்திருவாரெண்டு பயந்துதான் அப்பிடிச் சொன்னன்.”

அவள் சிரித்தாள். நான் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசகிக்கு: கொக்கட்டிச்சோலையிலிருந்து பாலத்தால் பட்டணத்துக்குப் பஸ் உண்டு, நேரத்தை முதல்நாளே விசாரியுங்கள். மகளோடு ஒரு பெண் போகட்டும். அந்தத் திகதியை ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கொடுங்கள். வலியோ இரத்தப்போக்கோ வந்தால் காத்திருக்க வேண்டாம். ஆண்தான் போக வேண்டுமென்றால், ‘மாதவிடாய்’ என்று வீட்டிலேயே ஒரு தரம் சத்தமாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் அந்தச் சொல்லை மூன்று தரம் எழுதியிருக்கிறேன். வாயால் இன்னும் சொன்னதில்லை.